நான்கு வயதுக் குழந்தையின் கைப்பேசி நேரத்தை எப்படிக் குறைப்பது?

காணொளி ஓடினால்தான் நான்கு வயது மகள் சாப்பிட வாயைத் திறக்கிறாள் என்று கேட்டிருக்கிறீர்கள். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 2 முதல் 4 வயது வரையுள்ள குழந்தைகள் நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் திரைமுன் உட்காரக் கூடாது என்கிறது. ஆனால் இந்தக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியை அகற்றுங்கள் என்பேன். திரையில் கண் பதிந்திருக்கும் குழந்தை, பருப்புச் சோற்றின் ருசியையோ வயிறு நிறைந்ததையோ கவனிக்காமல் விழுங்கிக்கொண்டே இருக்கும். முதல் சில நாட்கள் அழுவாள், பாதித் தட்டுடன் எழுந்தும் போவாள். பசித்தால் அடுத்த வேளைக்குத் தானே வருவாள் (பாட்டி இரக்கப்பட்டுக் கைப்பேசியை நீட்டாதவரை). மற்ற நேரங்களில், யூடியூபில் அடுத்த காணொளி தானாக ஓடும் வசதியை அணைத்துவிட்டு, எத்தனை காணொளி என்பதைத் தொடங்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பாதியில் பிடுங்கும்போதுதான் பெரும்பாலும் ரகளை தொடங்குகிறது.