வெயிலில் ஊதா, டியூப்லைட்டில் நீலம்: அந்தக் கோலி

உங்களிடம் இருக்கும் நிறம் மாறும் கண்ணாடிக் கோலி யுரேனியம் கலந்த கண்ணாடியா என்று கேட்டிருந்தீர்கள். அது யுரேனியம் கண்ணாடி இல்லை; பெரும்பாலும் நியோடிமியம் என்ற உலோகம் கலந்தது. வெயிலில் இளம் ஊதா, டியூப்லைட்டில் வெளிர் நீலம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவே இதன் அடையாளம்.

கோலியில் எதுவும் மாறுவதில்லை, வெளிச்சம்தான் மாறுகிறது. நியோடிமியம் மஞ்சள் ஒளியில் 580 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒரு குறுகிய பட்டையை விழுங்கிவிடும். வெயிலில் மிஞ்சும் சிவப்பும் நீலமும் சேர்ந்து ஊதாவாகத் தெரியும். டியூப்லைட் ஒளி துண்டு துண்டான பட்டைகளாக வருவதால் அந்தக் கலவை குலைந்து நீலம் தூக்கலாகிவிடும்.

வெள்ளைத் தாளில் கோலியை வைத்து முதலில் ஜன்னலோரம் பாருங்கள், அப்புறம் பழைய குண்டு பல்பின் கீழே. அங்கே ஊதா இளஞ்சிவப்புப் பக்கம் சாய வேண்டும். கள்ளநோட்டு பார்க்கும் யுவி (புற ஊதா) டார்ச் இருந்தால் இருட்டில் அடியுங்கள். பளீரென்று பச்சையாக ஒளிர்ந்தால் நான் சொன்னது தப்பு, யுரேனியமேதான். மங்கலான பச்சை என்றால் கண்ணாடியில் கலந்த மாங்கனீஸ் என்ற உலோகமாகவும் இருக்கலாம். அதை நம்பி ஏமாறாதீர்கள்.

ஒன்று மட்டும்: நிறம் மாறுகிறதே என்று 'நூறு வருஷப் பழசு' விலை கொடுத்துவிடாதீர்கள். நியோடிமியம் கண்ணாடி கடைக்கு வந்ததே 1920களின் பின்பாதியில்தான். ஜெர்மனியின் லௌஷாவில் 19ஆம் நூற்றாண்டில் கையால் செய்த கோலிகளில், கண்ணாடிக் கம்பியிலிருந்து வெட்டிய இடத்தில் சொரசொரப்பான தழும்பு இருக்கும். உங்கள் கோலியில் அந்தத் தழும்பும் இருந்து நிறமும் மாறினால், யாரோ இந்தக் காலத்துக் கைவினைஞர் செய்தது என்றுதான் நான் நினைப்பேன்.