ஸ்டாண்ட்-அப் மேடை பற்றி நம்ம ஊர்க்காரர்கள் கேட்டவையும் என் பதில்களும்

நான் காவேரிப்பட்டணத்துக்காரன். ஒன்பது வருடமாகத் தமிழில் ஸ்டாண்ட்-அப், அதாவது மேடையில் தனியாக நின்று பேசிச் சிரிக்க வைக்கும் வேலை, செய்கிறேன். பாதி மேடை பெங்களூரில், மீதி சென்னை, கோவை, கல்லூரி விழா, கம்பெனி விழா என்று போகும். கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. தருமபுரி, கிருஷ்ணகிரி ஆட்கள் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நான் ஆரம்பித்தபோது இதையெல்லாம் கேட்க நம் பக்கத்தில் ஒரு ஆள் கூட எனக்குக் கிடைக்கவில்லை.

பாலக்கோடு, கல்லூரி இரண்டாம் வருடம்: அண்ணா, நண்பர்களிடம் பேசினால் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். மேடை ஏறலாமா?

ஏறுங்க தம்பி. ஆனால் ஒரு விஷயம். நண்பர்களிடம் "நம்ம கேன்டீன் மாமா இருக்காரே" என்று ஆரம்பித்தாலே பாதிச் சிரிப்பு வந்துவிடும், அவர்களுக்கு மாமாவைத் தெரியும். மேடைக்குக் கீழே இருப்பவர்களுக்கு அந்த மாமாவையும் தெரியாது, உங்களையும் தெரியாது. இரண்டே வரியில் அவரை அவர்கள் கண்முன் நிறுத்த வேண்டும், அதுதான் எழுத்து வேலை. யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்து ஏறலாம் என்கிற ஓப்பன் மைக் மேடையில் நான்கைந்து நிமிடம் தருவார்கள், நேரம் முடியப் போகும்போது பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைக் காட்டுவார்கள். அந்த ஐந்து நிமிடம் உறுதியாக நிற்க எனக்கு ஏழு மாதமும் முப்பது மேடைக்கு மேலும் ஆனது. ஒவ்வொரு தடவையும் போனில் பதிவு செய்து, பஸ்ஸில் வரும்போதே கேட்பேன். எங்கே சிரித்தார்கள் என்பதை விட எங்கே அமைதியானார்கள் என்பதைத்தான் குறித்து வைப்பேன்.

நம் ஊரில் திறமைக்குப் பஞ்சம் இல்லை, சொதப்புவதற்குத்தான் இடம் இல்லை. கல்லூரி ஆண்டு விழாவில் ஆயிரம் பேர் முன்னால் சொதப்பினால் பிறகு யாரும் மேடை பக்கமே போகமாட்டார்கள். பதினைந்து பேர் இருக்கும் சின்ன அறையில், உங்களைத் தெரியாதவர்கள் முன்னால், வாரா வாரம் சொதப்ப வேண்டும். அதற்கு இப்போதைக்குப் பெங்களூர்தான் பக்கம். ஓசூரிலிருந்து நாற்பது கிலோமீட்டர்.

ஓசூர், தொழிற்சாலை வேலை, 27 வயது: வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக வரலாம் என்று இருக்கிறேன். வருமானம் எப்படி?

இப்போது விட வேண்டாம். ஓப்பன் மைக்கில் காசு கிடையாது, சில இடத்தில் நாமே ஒரு காபி வாங்கினால்தான் மேடை. டிக்கெட் ஷோவில் இடத்துக்காரர், டிக்கெட் விற்கும் செயலி, ஒளிப்பதிவு எல்லாம் போக மிச்சம்தான் நமக்கு. வீட்டு வாடகை கட்டுவது கம்பெனி விழாக்களின் பணம். அது டிசம்பர், ஜனவரியில் குவியும், பரீட்சை மாதங்களில் கல்லூரியும் கூப்பிடாது. ஆக வருடத்தில் நான்கைந்து மாதம் சம்பாதித்துப் பன்னிரண்டு மாதம் சாப்பிட வேண்டும். கம்பெனிகள் 10 சதவீதத்தை டிடிஎஸ் என்று வருமான வரிக்காக முன்னாலேயே பிடித்துக்கொண்டுதான் தரும், வரி ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் கணக்கு நேராகும், பலர் அதைச் செய்யாமலே விடுகிறார்கள். பாதித் தொகை கைக்கு வராமல் வண்டி ஏறாதீர்கள். ஒரு நிறுவனத்துக்காக ஐந்து மணி நேரம் பயணம் செய்து போய் மேடை ஏறிவிட்டு வந்தேன், பணம் இன்றுவரை வரவில்லை. அந்த மாதம் அம்மாவிடம் கை நீட்டினேன், இன்னும் மறக்க முடியவில்லை.

தமிழ் ஸ்டாண்ட்-அப் கலைஞர் அலெக்சாண்டர் பாபு பல வருடம் மென்பொருள் வேலையில் இருந்துவிட்டுத்தான் மேடையை முழுநேரமாக்கினார். சம்பளத்தோடு வாரம் இரண்டு மேடை என்று இரண்டு வருடம் பாருங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள்.

அரூர்: மேடையே எதற்கு? ரீல்ஸ் போட்டால் போதாதா?

பாட்டுக்காரர் பழைய பாட்டைப் பாடினால் கை தட்டுவார்கள். நாம் பழைய ஜோக்கைச் சொன்னால் "பார்த்தாச்சு" என்பார்கள். ஒரு வருடம் உழைத்த ஐந்து நிமிடத்தை இணையத்தில் போட்ட அன்றே அது செத்துவிடும். அதனால்தான் பலரும் பார்வையாளரோடு பேசும் துண்டுகளை மட்டும் வெளியிடுகிறார்கள், அது எப்படியும் திரும்ப நடக்காது. இதில் ஒரு கேடும் உண்டு. அந்தத் துண்டுகளைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் முன் வரிசையில் உட்கார்ந்து நடு நடுவே பேச ஆரம்பிக்கிறார்கள், எழுதி வைத்த பகுதியின் ஓட்டமே கெட்டுப்போகிறது. யூடியூபில் நீளமான காணொளிகள் வழியாக விளம்பரப் பங்கு வர 1000 சந்தாதாரரும் ஒரு வருடத்தில் 4000 மணி நேரப் பார்வையும் வேண்டும், அதை எட்டிய பிறகும் வாரா வாரம் போடு என்ற நெருக்கடி தீராது. நல்ல ஜோக் வாரா வாரம் வராது.

ஊத்தங்கரை: ஒரு வார்த்தைக்கு வழக்கு வந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது. எதைத் தொடலாம், எதை விடலாம்?

பயம் வருவது இயல்புதான். ஸ்டாண்ட்-அப் கலைஞர் முனவர் ஃபாரூக்கி 2021 ஜனவரி 1 அன்று இந்தூரில் கைதானார், பிப்ரவரி 5 அன்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஜாமீன் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தார். 2025 மார்ச்சில் இன்னொரு கலைஞர் குணால் கம்ராவின் காணொளிக்காக, அது பதிவான மும்பை அரங்கையே அடித்து நொறுக்கினார்கள். பேசியது அவர், உடைந்தது அரங்கு. இதைப் பார்த்துத்தான் நம் ஊர் மண்டபக்காரரும் "சாமி, சாதி, கட்சி எதுவும் வராதே?" என்று கேட்டுவிட்டுச் சாவி தருகிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், நாளைக்கு உடைந்தால் அவர் காசு.

என் வழக்கம் இதுதான். என்னை விடப் பலமானவரைத்தான் தொடுவேன், பலவீனமானவரைத் தொட மாட்டேன். சாதியை வைத்துக் கீழே இருப்பவரைச் சிரிக்கும் ஜோக் எவ்வளவு கை தட்டல் வாங்கினாலும் எனக்கு வேண்டாம். எப்படித் தொடுவது என்பதற்கு, அதியமான் ஆண்ட பழைய தகடூரில், அதாவது இன்றைய தருமபுரிப் பக்கத்தில் பிறந்த நமக்கு ஒரு முன்னோடி இருக்கிறார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, அவன் ஆயுதச் சாலையைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார்? உன் வேலெல்லாம் மயில் பீலி சூடி, மாலை போட்டு, நெய் பூசிப் பளபளப்பாகக் காவலோடு இருக்கிறது, எங்கள் வேல்களோ குத்திக் குத்தி முனை ஒடிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கிறது. புறநானூற்றில் 95-ஆம் பாட்டு. திட்டியதாக ஒரு சொல் கூட அதில் இல்லை, ஆனால் உன் படை போரையே பார்த்ததில்லை என்று அரசன் முகத்துக்கு நேரே சொல்லியாகிவிட்டது. பஞ்ச் எழுத உட்காரும் ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

காரிமங்கலம், பெண்: ராத்திரி ஷோ முடிந்து வீடு திரும்புவதுதான் பிரச்சினை அண்ணா. வீட்டில் விடமாட்டேன் என்கிறார்கள்.

வீட்டார் கவலை நியாயம்மா, அதற்காக நீங்கள் நிறுத்த வேண்டியதில்லை. பெயர் கொடுக்கும்போதே மேடை ஏறும் வரிசையில் முதல் மூன்று இடத்தில் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள், நல்ல அமைப்பாளர் தருவார். தராதவர் மேடை தேவையே இல்லை. சேலம் பஸ் இரவு முழுக்க உண்டு, ஆனால் சில வண்டி ஊருக்குள் வராமல் பைபாஸிலேயே இறக்கிவிடும், ஏறும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். முடிந்தால் ஞாயிறு மதிய மேடைகளைப் பாருங்கள்.

தருமபுரி, பெயர் வேண்டாம் என்றவர்: நன்றாகப் போன ஷோ முடிந்து அறைக்கு வந்தால் அழுகை வருகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. ஒன்பது மணிக்கு இருநூறு பேர் சிரிக்கிறார்கள், பதினொரு மணிக்கு ஜன்னல் சீட்டில் தனியாக இருக்கிறோம். அந்த இறக்கம் எனக்கும் வரும். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த அன்றும் மேடை ஏறினேன், ஒப்புக்கொண்ட மேடை என்று. இன்று அப்படிச் செய்ய மாட்டேன். ஷோ முடிந்ததும் இலவசமாக வரும் குடியைத் தொடாதீர்கள், நல்ல எழுத்துக்காரர்கள் அதில் போனதைப் பார்த்திருக்கிறேன். அழுகை பல நாள் தொடர்ந்தால் 14416-க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. எனக்கும் எழுதுங்கள், கண்டிப்பாகப் பதில் வரும்.

பென்னாகரம்: என் அப்பா கூத்தில் கட்டியங்காரன். நீங்கள் செய்வதும் அதுதானே?

அதுதான் தம்பி, அவர் செய்வது இன்னும் கடினம். நான் ஒரு மணி நேரம் பேசினாலே தொண்டை கட்டுகிறது. அவர் விடிய விடிய நிற்கிறார், திரைக்குப் பின்னால் வேஷம் தாமதமானால் சமாளிக்கிறார், அந்த ஊர் சங்கதியை அந்த நிமிடமே கதைக்குள் கொண்டுவருகிறார், தூங்கிப்போன ஆளையும் எழுப்பிச் சிரிக்க வைக்கிறார். அப்பா அடுத்து எந்த ஊரில் ஆடுகிறார் என்று எழுதுங்கள், பாயோடு வந்து முன்னால் உட்கார்ந்து விடியும்வரை பார்க்கிறேன்.