மொட்டை டயரும் ஐப்பசி மழையும்: வாசகர் கேள்வி, பதில்

போன இதழில் டயரைப் பற்றிப் போகிற போக்கில் ரெண்டு வரி எழுதினேன், அதற்கு வந்த கடிதங்களைப் பார்த்தால் புதுச்சேரியிலும் கடலூரிலும் இத்தனை பேர் வேகமான கார் வைத்திருக்கிறார்களா என்று எனக்கே ஆச்சரியம். பி.ஒய். 01 என்ற புதுச்சேரி நம்பர் பிளேட் மாட்டிக்கொண்டு ஊர் ஊராக ஓடும் விலை உயர்ந்த கார்களில் எத்தனை நம்மூர் ரோட்டை நிஜமாகப் பார்த்திருக்கும் என்பது வேறு கதை. இந்தக் கடிதங்கள் எல்லாம் இங்கேயே ஓட்டுகிறவர்களுடையவை.

செகண்ட் ஹேண்டில் போர்ஷே 718 கேமன் ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியிருக்கிறேன். கடலூரில் வேலை, தினமும் அதில்தான் போய் வருகிறேன். மாதம் ஒரு நாள் சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்ட ஆசை. ரெண்டுக்கும் சேர்த்து மிஷலின் பைலட் ஸ்போர்ட் கப் 2 டயர் போட்டுவிடு என்கிறார் நண்பர். போடலாமா?
(வாசகர், லாஸ்பேட்டை)

வேண்டாம் சார். நண்பரைக் கோபிக்காதீர்கள், டயர் நல்ல டயர்தான், உங்கள் கணக்குக்குத்தான் ஒத்துவரவில்லை. இருங்காட்டுக்கோட்டை டிராக் ஒரு சுற்று சுமார் 3.7 கிலோமீட்டர். ஒரு நாளில் 30 சுற்று ஓட்டினால், அதுவே நிறைய, 110 கிலோமீட்டர். லாஸ்பேட்டையிலிருந்து கடலூர் போய்வர தினம் 50 என்று வைத்தாலும் மாதத்துக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, டிராக்குக்கே போய்வர இன்னொரு 300. இந்த 110 கிலோமீட்டருக்காக அந்த 1,500 கிலோமீட்டரைப் பணயம் வைக்கச் சொல்கிறார் நண்பர்.

கப் 2 மாதிரி டயர்கள் பாதி ரேஸ் டயர். ரப்பர் மிருது, பட்டனில் (தரையைத் தொடுகிற ரப்பர் பகுதி) வெட்டியிருக்கும் பள்ளங்கள் குறைவு, புதிதாக இருக்கும்போதே ஆழமும் குறைவு. தரையோடு ஒட்டுகிற ரப்பர் எவ்வளவு அதிகமோ காய்ந்த ரோட்டில் அவ்வளவு பிடிப்பு, அதனால்தான் ரேஸ் காருக்கு ஒரு பள்ளமும் இல்லாத மொட்டை டயரையே மாட்டுகிறார்கள் (நாம் அதே மொட்டையோடு ரோட்டில் போனால் அபராதம்). ஆனால் தண்ணீர் வெளியேற வழி வேண்டுமே? தேங்கிய தண்ணீரில் வேகமாக ஏறும்போது பள்ளத்தால் அதைத் தள்ள முடியவில்லை என்றால் டயர் தரையை விட்டுத் தண்ணீர் மேல் மிதக்கும், அந்த நேரத்தில் ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் பிரேக்கை மிதித்தாலும் ஒன்றுதான். அகலமான டயரில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், உங்கள் காரில் பின்னால் இருப்பதன் அகலம் குறைந்தபட்சம் 265 மில்லிமீட்டர்.

வெளிநாட்டு வீடியோக்களில் இந்த டயரைப் பற்றி ‘குளிரில் பிடிக்காது’ என்று பயமுறுத்துவார்கள். அது அவர்கள் கவலை. மார்கழி விடியற்காலையில்கூட நமக்கு ஸ்வெட்டர் தேவைப்படுவதில்லை, நம்முடைய கவலை ஐப்பசியும் கார்த்திகையும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரி ரெயின்போ நகர் எப்படித் தண்ணீரில் நின்றது என்று உங்களுக்குத் தெரியும். அந்த மாதிரி நாளில் யாரும் காரை எடுக்கப்போவதில்லை, சரி. ஆனால் சாதாரண ஒரு அடைமழை சாயங்காலம், கன்னியக்கோயில் தாண்டி ரோட்டோரம் தண்ணீர் நிற்கும்போது, எதிரில் பஸ் வந்து நீங்கள் இடது பக்கம் ஒதுங்கியே ஆக வேண்டும் என்றால்?

அதனால் பைலட் ஸ்போர்ட் 4எஸ், பிரெல்லி பி ஸீரோ மாதிரி ரோட்டுக்கான ஸ்போர்ட்ஸ் டயர் போடுங்கள். மாதம் ஒரு நாள் டிராக்கை அவை தாங்கும். முதல் வருஷம் ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் குறைவது டயரால் இல்லை, ஓட்டுகிறவர் பழகுவதால்தான். நிஜமாகவே டயரின் எல்லையை எட்டிவிட்டீர்கள் என்று தோன்றினால் அப்போது தனியாக ஒரு செட் ரிம் வாங்கி அதில் கப் 2 மாட்டி, டிராக்குக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்காதீர்கள், மிருதுவான அந்த ரப்பர் ஒவ்வொரு முறை நன்றாகச் சூடாகி ஆறும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகும், பட்டன் மிச்சம் இருக்கும், பிடிப்பு போயிருக்கும்.

வாங்கும்போது சைடு வாலில் (டயரின் பக்கச் சுவர்) ‘என்’ (N) என்ற ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ஒரு எண்ணும் இருக்கிறதா பாருங்கள், அது போர்ஷே ஒப்புதல் கொடுத்த டயர் என்பதற்கு அடையாளம். ஒரே அச்சில் இடது ஒரு எண், வலது வேறு எண் என்று கலக்கக் கூடாது. உங்கள் காரில் முன்னால் ஒரு சைஸ், பின்னால் ஒரு சைஸ் என்பதால் முன்பின் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமாளிக்கும் வேலையும் நடக்காது. 2020 ஜூனில் கார் டயர் இறக்குமதியை மத்திய அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்துவிட்டது, அதனால் கேட்ட சைஸ் கேட்ட அன்று கிடைக்கும் என்று நம்பி இருக்காதீர்கள். தேய்ந்து முடிய ரெண்டு மாதம் இருக்கும்போதே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஸ்கோடா ஆக்டேவியா ஆர்.எஸ். கார் வைத்திருக்கிறேன். டிராக்கில் 32 பி.எஸ்.ஐ. காற்று வைத்துத்தான் இறங்கினேன். மூணு சுற்று நன்றாகப் போனது, அப்புறம் ஒவ்வொரு திருப்பத்திலும் கார் திரும்பாமல் மூக்கு வெளியே தள்ளுகிறது. டயரை மாற்றணுமா?
(வாசகர், ரெட்டியார்பாளையம்)

டயரை மாற்றுவதற்கு முன்னால் காற்று அளக்க ஒரு நல்ல கேஜ் வாங்குங்கள். 30 டிகிரியில் 32 வைத்தீர்கள், டயருக்குள் காற்று 80 டிகிரிக்குப் போனால் அதே காற்று 39, 40 காட்டும். நீங்கள் ஓட்டியது 32 இல் இல்லை. ஊதிப்போன டயரின் நடுப்பகுதி மட்டும் தரையில் அழுந்தும், ஓரங்கள் சும்மா இருக்கும், முன்சக்கரம் இழுக்கிற காரில் திருப்புவது, இழுப்பது, பெரும்பாலான பிரேக் எல்லாமே முன் டயர் தலையில் என்பதால் மூக்குதான் முதலில் தள்ளும்.

நான் கற்றுக்கொண்டது ஒரு சாக்பீஸில். டிராக் ஓரம் காரை நிறுத்தும் பிட்டில் பக்கத்துக் காரில் ஒரு பெரியவர், சைடு வாலும் பட்டனும் சேரும் தோள் பகுதியில் குறுக்கே மூணு கோடு போட்டுவிட்டு ஓட்டப் போனார். திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். கோடு பட்டன் ஓரம் வரைக்கும் அழிந்து, சைடு வாலில் மட்டும் அப்படியே இருந்தால் காற்று சரி. சைடு வால் வரை அழிந்திருந்தால் டயர் மடங்குகிறது, காற்று குறைவு. பட்டன் ஓரத்திலேயே கோடு பளிச்சென்று மிச்சம் இருந்தால் காற்று அதிகம். அதைப் பார்த்து அரை அரை பி.எஸ்.ஐ.யாகச் சூட்டோடு இறக்கினார். ஐந்து ரூபாய் செலவில்லை. நீங்களும் ஓட்டி நிறுத்திய உடனே அளந்து இறக்குங்கள், அளவைக் குறித்துவையுங்கள், முக்கியமாக வீட்டுக்குக் கிளம்பும் முன் ஆறிய டயரில் மறுபடி ரோட்டு அளவுக்கு ஏற்றுங்கள். அதை மறந்துவிட்டு ஒரு முறை திண்டிவனம் வரை 25 பி.எஸ்.ஐ.யோடு வந்தவன் நான்.

இன்னொன்று, முன் டயரின் வெளி ஓரம் மட்டும் தின்றுபோயிருந்தால் அது காற்று மட்டுமில்லை, கேம்பரும்தான், அதாவது சக்கரம் நிற்கிற சாய்வு. அலைன்மென்ட் கடையில் முன் சக்கரத்தின் தலை கொஞ்சம் உள்ளே சாயும்படி வைக்க முடியுமா என்று கேளுங்கள். பிரேக் ஆயிலையும் மாற்றுங்கள், டயருக்கு முன்னால் அதுதான் கொதித்துக் காலை வாரும்.

அதே ஆக்டேவியாதான் எனக்கும், ரிம் 17 இஞ்ச். 19 போட்டால் பார்க்க அம்சமாக இருக்கும் என்கிறார்கள்.
(வாசகர், மஞ்சக்குப்பம்)

பார்க்க அம்சமாகத்தான் இருக்கும். 225/45 ஆர் 17 (அகலம் 225 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 45 சதவீதம், ரிம் 17 இஞ்ச்) இல் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவே 101 மில்லிமீட்டர் ரப்பர் இருக்கிறது, 225/40 ஆர் 18 இல் 90, 225/35 ஆர் 19 இல் 79. மொத்த விட்டம் மூன்றிலும் ஏறக்குறைய ஒன்றே, ஸ்பீடாமீட்டர் ஏமாற்றாது. ஆனால் யாரும் சொல்லாத விஷயம், 17 இல் சுமை எண் 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 19 இல் பெரும்பாலும் 88 தான் வரும், அது 560 கிலோ. வீட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு, மழைக்கு அப்புறம் பள்ளம் தெரியாத கடலூர் ரோட்டில், 79 மில்லிமீட்டர் ரப்பரை நம்பிப் போகிறீர்கள். அலாய் ரிம் வளையும், இல்லையென்றால் சைடு வாலில் கோலிக்குண்டு மாதிரி வீக்கம் வரும், அந்த வீக்கத்துக்கு வைத்தியம் கிடையாது, டயரையே தூக்கிப் போட வேண்டியதுதான். 18 வரை போங்கள், காரோடு வரும் அளவுகளில் அதுவும் ஒன்று.

டயரில் காற்றுக்குப் பதில் நைட்ரஜன் அவசியமா?
(வாசகர், அரியாங்குப்பம்)

சாதாரண காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். கடையில் நிரப்பும் நைட்ரஜனில் ஈரம் இல்லாததால் சூட்டில் அழுத்தம் கொஞ்சம் ஒழுங்காக ஏறும், டிராக்கில் அந்தச் சின்ன வித்தியாசம் உதவும். ரோட்டுக்கு, வாரம் ஒரு முறை அளப்பவருக்கு, தேவையில்லை. அளக்காதவருக்கு நைட்ரஜனும் உதவாது.

என் மகன் காருக்கு டயர் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் கேட்கிறான். இருக்கிற டயரில் பட்டன் நன்றாகத்தான் தெரிகிறது. ஏமாற்றுகிறானா?
(ஒரு தகப்பனார், நெல்லிக்குப்பம்)

ஐயா, நாலு டயருக்கு அந்த விலை ஸ்போர்ட்ஸ் காரில் சகஜம்தான், அதில் அவன் ஏமாற்றவில்லை. பட்டன் தெரிவதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. சைடு வாலில் ‘டாட்’ (DOT) என்று ஆரம்பிக்கும் வரிசையின் கடைசியில் நாலு இலக்கம் இருக்கும். 1418 என்று இருந்தால் 2018ஆம் வருஷம் பதினாலாவது வாரம் செய்த டயர். சில நேரம் அந்த நாலு இலக்கம் உள்பக்கம் மட்டும் இருக்கும், வண்டிக்கு அடியில் டார்ச் அடித்துத்தான் பார்க்கணும். நம் கடற்கரை வெயிலில் நிற்கிற கார் என்றால் ஆறு வருஷத்துக்கு மேல் போன டயரை நான் வேகத்துக்கு நம்ப மாட்டேன், நகத்தால் அழுத்தினால் அமுங்காமல் கல் மாதிரி இருக்கும், பள்ளத்துக்குள் நூல் நூலாக வெடிப்பு ஓடும். அப்படி இருந்தால் பணத்தைக் கொடுத்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன் நீங்களே கடைக்குக் கூடப் போங்கள். எனக்கு ஒரு கடையில் ‘புது ஸ்டாக், பத்து சதவீதம் குறைத்துத் தருகிறேன்’ என்று மாட்டிவிட்டார்கள், வீட்டுக்கு வந்து இலக்கத்தைப் பார்த்தால் நாலு வருஷம் குடோனில் தூங்கிய டயர். ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால், டயர் தரையில் கிடக்கும்போதே நாலிலும் அந்த நாலு இலக்கத்தை வாசித்துவிடுங்கள். ஏற்றி, பேலன்ஸ் ஈயம் ஒட்டிய பிறகு யாரும் திருப்பி எடுக்க மாட்டார்கள்.