கல்லூரி அலுவலக நிர்வாக வேலை வாழ்நாள் முழுக்க இருக்கத் தகுந்ததா?

பாளையங்கோட்டையில் அரசு உதவிபெறும் கல்லூரி ஒன்றில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து, கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். தாராளமாக இருக்கலாம். ஆனால் நிர்வாகம் என்றதும் சுழல் நாற்காலியும் காலிங் பெல்லும் நினைவுக்கு வந்தால் வேறு வேலை பாருங்கள். அதிகாரமெல்லாம் செயலரிடமும் முதல்வரிடமும்தான். நம் பொழுது அடுத்தவர் காகிதங்களைச் சரிசெய்வதில் போகும்.

முக்கூடல், மேலப்பாளையம் பக்கத்துப் பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். பல வீடுகளில் அம்மா பீடி சுற்றுவார். பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்திய அரசின் தொழிலாளர் நலத்துறை உதவித்தொகை தருகிறது; பட்டப்படிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய். மாணவி ஆன்லைனில் விண்ணப்பித்தால் மட்டும் போதாது. கல்லூரியும் தன் லாகினில் சரிபார்த்து அனுப்ப வேண்டும். கடைசித் தேதி தவறினால் அந்த வருடப் பணம் போச்சு. இதில் பீடி அட்டையில் மாரியம்மாள் என்றும் ஆதாரில் மாரி என்றும் இருக்கும். “ரெண்டும் நான்தான் அண்ணாச்சி” என்பார் அந்த அம்மா. நமக்குத் தெரிகிறது, கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டாமா? எந்த அட்டையைத் திருத்தினால் சீக்கிரம் முடியும், அதற்கு எந்த ஆபீசில் என்ன கேட்பார்கள் என்று சொல்லி அனுப்பத் தெரிந்தவர்தான் என் கணக்கில் நல்ல நிர்வாகி.

இன்னொன்று, இங்குள்ள பழைய கல்லூரிகள் பல்கலைக்கழகத்தைவிட மூத்தவை. தூய சவேரியார் கல்லூரி 1923-இல் தொடங்கியது; மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் வந்ததோ 1990-இல். அதற்கு முன் மதுரைப் பல்கலைக்கழகம், 1966-க்கு முன் சென்னைப் பல்கலைக்கழகம்; படித்த ஆண்டைப் பொறுத்துப் பட்டம் தந்த பல்கலைக்கழகம் மாறும். பட்டச் சான்றிதழைத் தொலைத்துவிட்டு வரும் பெரியவரிடம், அட்மிஷன் ரிஜிஸ்டரைப் பார்க்காமல் பதில் சொன்னால் அவரை வீணாக மதுரைக்கு பஸ் ஏற்றிவிட்டதாகும்.

சரி, சம்பளம். உதவிபெறும் பிரிவில் அனுமதிக்கப்பட்ட பணியிடம் என்றால் அரசுச் சம்பளம். அந்த நியமனத்துக்குக் கல்லூரிக் கல்வி இணை இயக்குநர் அலுவலகத்தின் ஒப்புதல் வேண்டும். அதே வளாகத்தில் சுயநிதிப் பிரிவில் அதே வேலையைப் பார்ப்பவருக்கு நிர்வாகம் தரும் தொகுப்பூதியம்தான். பக்கத்து மேசைக்காரர் என்னைவிட அதிகம் உழைத்து, என்னைவிட மிகக் குறைவாக வாங்குவதைப் பார்த்துக்கொண்டேதான் வேலை செய்தேன். கடைசிவரை அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே நியமன ஆணையில் எந்தப் பிரிவு என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

சேர்ந்த பிறகு உங்கள் பணிப் பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறையாவது வாங்கிப் பாருங்கள். ஊதிய உயர்வு, விடுப்பு எல்லாம் அவ்வப்போது பதிவாகியிருக்க வேண்டும். ஊருக்கெல்லாம் பதிவு போடும் நாம் நம்முடையதை விட்டுவிடுவோம்; ஓய்வூதியக் கோப்பு போகும்போதுதான் அது தெரியவரும்.

அப்புறம், வீட்டு விசேஷம் எதையும் மே, ஜூனில் வைக்காதீர்கள். அட்மிஷன் நேரத்தில் லீவு கேட்டால் முதல்வர் சிரிக்கத்தான் செய்வார்.