கேளுங்க, சொல்றோம்

கேள்வி: அண்ணே, சிங்கப்பூர் செம்பாவாங்ல அட்மிரல்டி ஹவுஸ்னு ஒரு பழைய பங்களா இருக்குங்கிறாங்க, எங்க தாத்தா ரப்பர் தோட்டத்துல பால் வெட்டுறத விட்டுட்டு அங்க பிரிட்டிஷ்காரனோட நேவல் பேஸ்ல (கடற்படைத் தளம்) வேலைக்குப் போனவரு. அந்த பங்களா யாரோடது? (வாசகர், கூலாய்)

பதில்: தம்பி, உங்க தாத்தா ஓடிப் போன ரப்பர் அங்கயும் விடல, நேவல் பேஸ் கட்டுன நிலத்துல பெரும்பகுதி முன்னாடி ரப்பர் காடுதான்! பங்களா 1939ல கட்டுனது, நம்ம தோட்டத்து தொரை பங்களா மாதிரியே மேட்டு மேல, ரெண்டு மாடி, சிவப்பு செங்கல்லு, கீழ வேலை செய்யுறவன் அண்ணாந்து பாக்கணும்ல. மொதல்ல கன்பரா ஹவுஸ்னுதான் பேரு, 1958ல தூரக்கிழக்கு கடற்படை தளபதி குடி வந்தப்பதான் அட்மிரல்டி ஹவுஸ் ஆச்சு. 1971ல பிரிட்டிஷ்காரன் மூட்டை கட்டிட்டான், 2002ல சிங்கப்பூர் அரசாங்கம் அத தேசிய நினைவுச் சின்னமா அறிவிச்சிருச்சு.

ஆனா ஒண்ணு, பெரிய ஆபிசருங்க தங்குனது அது மட்டும் இல்ல. கடலோரமா செம்பாவாங் பார்க்ல பியூலி ஹவுஸ் இருக்கு பாருங்க, அது யாரோ வசதியானவங்க கட்டுன கடற்கரை வீடு, பேஸுக்கு நிலம் எடுத்தப்ப அதையும் சேத்து எடுத்துக்கிட்டாங்க, 1940லேருந்து 42 வரைக்கும் வைஸ் அட்மிரல் ஜெப்ரி லேட்டன் இருந்தது அங்கதான். எனக்கென்னமோ அதுதான் அழகு. கூலாய்லேருந்து ஜேபி (ஜொகூர் பாரு) பாலம் தாண்டுனா கிட்டதான், ஜாம் இல்லாத நாளா பாத்து கெளம்புங்க.