மஞ்சளா சிவப்பா என்று பார்த்துப் பார்த்தே விடிகிறது

வணக்கம் மிஸ்,

நான் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. வயது 34. கணவருக்குக் கொழும்பில் கடை வேலை, மாதம் ஒரு முறைதான் வருவார். மாமியும் நானும் ஐந்தாம் தரம் படிக்கும் மகனும் தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இருக்கிறோம்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் லயத்துக்குப் பின்னால் இருக்கும் மண்மேடு ஒரு துண்டு சரிந்து, எங்கள் குசினிச் சுவரோடு வந்து நின்றது. யாருக்கும் அடியில்லை. பத்து நாள் பாடசாலை மண்டபத்தில் இருந்துவிட்டுத் திரும்பினோம். மேட்டைப் பார்த்துவிட்டுப் போனவர்கள், இப்போதைக்கு இருக்கலாம், எச்சரிக்கை வந்தால் வெளியேறுங்கள் என்றார்கள்.

அன்றிலிருந்து கூரையில் மழை விழுந்தாலே போனை எடுத்துவிடுவேன். மண்சரிவு எச்சரிக்கை மஞ்சளா, சிவப்பா என்று பார்ப்பேன். அப்புறம் பேஸ்புக், அப்புறம் தோட்டத்து வாட்ஸ்அப் குரூப். எங்கேயோ சரிந்த பழைய வீடியோவைக்கூட முழுதாகப் பார்ப்பேன். ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் நிம்மதி. பத்து நிமிடத்தில் மறுபடி கை போனுக்குப் போகும். இரவு ஒரு மணிக்கு எழும்பிப் பார்ப்பேன், பிறகு தூக்கம் வராது. ஒரு பிளேன்டீ ஊற்றிக்கொண்டு இஸ்தோப்பில் உட்காருவேன்.

காலை ஐந்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, அதோடு பாடசாலைக்கு ஓட்டம். சாப்பாடு இன்டர்வலில்தான், ரொட்டியும் தேத்தண்ணியும். வீட்டுக்கு வந்ததும் ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்குக் கொப்பி திருத்தும்போது ஒன்று. அந்தியில் பக்கத்துக் காம்பிரா அக்கா வந்தால் மேட்டைப் பற்றித்தான் பேச்சு.

இப்போது மழை இல்லாத நாளிலும் நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது. வகுப்பில் சின்னப் பிள்ளைகள்மேல் எரிந்து விழுகிறேன். ஆஸ்பத்திரியில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்து, இதயத்தில் ஒன்றும் இல்லை, யோசிக்காதீர்கள் என்று அனுப்பிவிட்டார்கள். யோசிக்காமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. எனக்குப் பைத்தியம் கியித்தியம் பிடிக்கிறதா மிஸ்?

பெயர் வேண்டாம், தலவாக்கலை

*

அன்புள்ள தங்கைக்கு,

பைத்தியம் இல்லை. குசினிச் சுவர் வரைக்கும் மண் வந்த வீட்டில் மழைச் சத்தம் கேட்டும் குறட்டை விட்டுத் தூங்குகிறேன் என்று எழுதியிருந்தால்தான் நான் கவலைப்பட்டிருப்பேன்.

மலையில் உங்களுக்கு அட்டைக்கடி தெரியும். கடித்த இடத்தைச் சொறிந்தால் சுகமாக இருக்கும், கொஞ்ச நேரத்தில் முன்னைவிட அதிகமாக அரிக்கும், கடைசியில் புண்ணாகும். நீங்கள் போன் பார்ப்பதும் அந்தச் சொறிதான். பார்த்தவுடன் வருகிற நிம்மதியை மனம் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. ‘பார்த்ததால்தான் தப்பினோம்’ என்று கணக்குப் போடுகிறது. அதனால் அடுத்த முறை இன்னும் சீக்கிரமாகப் பார்க்கச் சொல்கிறது. முதலில் மழைக்குப் பார்த்தீர்கள், இப்போது மழை இல்லாத நாளிலும் நெஞ்சு அடிக்கிறது. பயத்தை ஆற்ற எடுத்த மருந்தே பயத்துக்குத் தீனியாகிவிட்டது.

அதற்காகப் போனை மூடி வையுங்கள் என்று சொல்ல மாட்டேன். சரிவுக்குக் கீழே இருக்கிறவரிடம் அப்படிச் சொல்வது பொறுப்பில்லாத பேச்சு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கை பிரதேச செயலகப் பிரிவு வாரியாக, பெரும்பாலும் 24 மணி நேரத்துக்கென்று வருகிறது. பெருமழை என்றால் இடையில் உயர்த்துவார்கள், உண்மைதான். ஆனாலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்க அதில் ஒன்றும் இல்லை.

பார்ப்பதைவிட முடிவெடுப்பதுதான் உங்களுக்கு இப்போது தேவை. வெயில் அடிக்கிற ஒரு பகலில், மாமியையும் மகனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு தாளில் எழுதுங்கள். மஞ்சள் என்றால் அடையாள அட்டை, மாமியின் மருந்து, மகனின் கொப்பிகள், டார்ச் எல்லாம் ஒரு பையில் கதவோரம். செம்மஞ்சள் என்றால் இருட்டுவதற்கு முன்பே மேட்டுக்குத் தூரமான ஓர் உறவு வீட்டுக்கு. யார் வீடு என்று இப்போதே பேசி முடியுங்கள். சிவப்பு என்றால் யாரும் வந்து கூப்பிடும்வரை காத்திருக்காமல் வெளியேறுவது. தாளைக் கதவில் ஒட்டுங்கள். எல்லாவற்றையும் நீங்களே தலையில் சுமக்க வேண்டாம், மாமிக்கும் அது தெரிந்திருக்கட்டும்.

அதன்பிறகு எச்சரிக்கையை மாலை ஆறு மணிக்கு ஒருமுறை, படுக்குமுன் ஒருமுறை பாருங்கள். டேட்டாவை நிறுத்தி, ரிங் சத்தத்தைக் கூட்டி வையுங்கள். எச்சரிக்கை உயர்ந்தால் அழைக்கச் சொல்லிக் கிராம உத்தியோகத்தரிடமும் லயத்தில் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். விடாமல் கொட்டுகிற இரவுகளில் அந்த அக்காவும் நீங்களும் முறை வைத்து விழித்திருங்கள். பகலில் ஒருமுறை மேட்டைப் போய்ப் பாருங்கள். நிலத்தில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி வரும் ஊற்று, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எந்த நிறத்துக்கும் காத்திராமல் வெளியேறி, அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்குச் சொல்லுங்கள். முதல் நாலைந்து நாள் கை துடிக்கும். துடிக்கட்டும். பார்க்காமல் கொஞ்ச நேரம் விட்டால் அந்தத் துடிப்பு தானாகவே அடங்குவதைக் காண்பீர்கள்.

அடுத்தது தேத்தண்ணி. எண்ணிப் பார்த்தேன், நடு இரவு பிளேன்டீயோடு ஏழு. மலைநாட்டில் இருந்துகொண்டு தேத்தண்ணியைக் குறைக்கச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது, இதை எழுதும்போதும் பக்கத்தில் ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் படபடப்பும் கை நடுக்கமும் கஃபீன் அதிகமானாலும் வருபவை. மனத்துக்கு அந்த வித்தியாசம் தெரியாது. நெஞ்சு அடித்தால் ஆபத்து என்றே எடுத்துக்கொண்டு காரணம் தேடும். தேடினால் மேடு தெரியும். உடலில் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பத்து மணித் தேத்தண்ணியின் பாதி அதிகாலை மூன்று மணிக்கும் இரத்தத்தில் இருக்கும். குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் நேரமாகும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பின்னேரம் மூன்று மணியோடு நிறுத்திப் பாருங்கள். ஒரேயடியாக வேண்டாம், தலைவலி வரும். இரண்டு நாளைக்கு ஒன்று குறைத்தால் போதும். இரவில் கொத்தமல்லித் தண்ணி ஊற்றிக்கொள்ளுங்கள்.

ரொட்டியும் தேத்தண்ணியும் சேர்ந்து போவதும் பிரச்சினைதான். சாப்பாட்டோடு குடிக்கும் தேத்தண்ணி, சாப்பாட்டிலுள்ள இரும்புச்சத்தை உடம்பு முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு படபடக்கும், களைப்பு வரும், எரிச்சல் வரும். ஈ.சி.ஜி. எடுத்ததாக எழுதினீர்கள், எச்.பி., அதாவது இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு, பார்த்ததாக எழுதவில்லை. அதையும் தைரொய்டையும் பார்க்கும்படி கேளுங்கள். இரண்டும் சரியாக இருந்தால் அதுவும் ஒரு நிம்மதி. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்குள் போகாதீர்கள்.

அந்த அக்காவின் பேச்சை நிறுத்தத் தேவையில்லை. மேட்டைப் பற்றிப் பத்து நிமிடம் பேசிவிட்டு, வேறு ஏதாவது பேசுங்கள். லயத்தில் பேச வேறு விஷயமா இல்லை!

கொப்பி திருத்தி முடித்ததும் நாளைக்குச் செய்ய வேண்டியவற்றை ஐந்து நிமிடம் எழுதிவிட்டுப் படுங்கள். 2018இல் அமெரிக்காவில் 57 பேரை வைத்து இதைச் சோதித்தார்கள். நாளைய வேலையை எழுதியவர்கள், முடிந்த வேலையை எழுதியவர்களைவிடச் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ஒன்பது நிமிடம் பெரிய விஷயமில்லைதான், ஆனால் இந்த மருந்துக்குச் செலவில்லை, பாடக்குறிப்பு எழுதுகிற கைக்குப் புதிதும் இல்லை.

மேடு அங்கேயேதான் இருக்கும். பாதுகாப்பான இடத்தில் வீடு கேட்பது உங்கள் உரிமை, பழக்கத்தை மாற்றினால் எல்லாம் தீரும் என்று சொல்லி அதை மறைக்க மாட்டேன். பிரதேச செயலகத்தில் எழுத்தில் கொடுத்து, நகலில் திகதி முத்திரை வாங்கி வையுங்கள்.

இரண்டு மூன்று கிழமையில் தூக்கம் திரும்பாவிட்டாலோ, உயிரோடு இருக்கவே வேண்டாம் போலத் தோன்றினாலோ 1926க்கு அழையுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.

அடுத்த கடிதத்தில் எச்.பி. எவ்வளவு என்று எழுதுங்கள். கதவில் ஒட்டிய தாளைப் பார்த்து மாமி என்ன சொன்னார் என்றும்.