வெள்ளவத்தையில் முதல் வாரம்

கேள்வி: எனக்கு வயது 19. சொந்த இடம் அட்டன் பக்கம். அம்மா தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார். பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையில் (ஊரில் எங்களை மோர்மன் என்பார்கள்) சமயத்தைப் பரப்பும் இரண்டு வருட ஊழியத்துக்கு அழைப்புக் கிடைத்தது. பயிற்சியும் முடிந்துவிட்டது. அடுத்த வாரம் வெள்ளவத்தைக்குப் போகிறேன். என்னோடு தங்கப்போகிறவர் கண்டிக்காரர், சிங்களம் பேசுபவர். கொழும்பில் எனக்கு யாரையும் தெரியாது. முதல் நாளே எத்தனை பேரைச் சந்திக்க வேண்டும், எங்கள் சபையில் குடிக்கக்கூடாத தேத்தண்ணியைத் தந்தால் எப்படி வேண்டாம் என்பது, கதவைச் சாத்தினால் என்ன செய்வது என்று யோசித்தே நித்திரை போய்விட்டது.
பெயர் வேண்டாம், அட்டன்

பதில்: தம்பி, எத்தனை பேர் என்ற கணக்கை முதல் வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அந்த வாரத்தில் புது ஆட்களைத் தேடவே வேண்டாம். உங்களுக்கு முன் அங்கே இருந்தவர்கள் ஒரு பட்டியலை விட்டுப் போயிருப்பார்கள். பாடம் கேட்டுக்கொண்டிருப்பவர்கள், பாதியில் நின்றவர்கள், ஞானஸ்நானம் எடுத்தும் ஞாயிறு வராமல் போனவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். இப்போது அது கைபேசிச் செயலியில் இருக்கிறது. போன அன்று இரவே இருவரும் உட்கார்ந்து கடைசி மூன்று மாதக் குறிப்புகளை வாசித்து, பத்துப் பெயரைத் தெரிந்தெடுங்கள். மறுநாள் உள்ளூர்ச் சபையை நடத்தும் கிளைத் தலைவரிடம் அந்தப் பத்துப் பேரையும் பற்றி ஒவ்வொருவராகக் கேளுங்கள். எந்த வீட்டில் அண்மையில் சாவு நடந்தது, யார் வேலை மாறினார், எங்கே வீட்டுக்காரருக்கு நீங்கள் வருவது பிடிக்காது என்பதெல்லாம் செயலியில் இராது. அவருக்குத்தான் தெரியும். அதன்பின் போன் எடுத்து, நேரம் கேட்டுக்கொண்டு போங்கள்.

ஒவ்வொரு வீட்டிலும் மறக்காமல் ஒன்று கேளுங்கள்: "முன்பு வந்த தம்பி ஏதாவது செய்து தருவதாகச் சொன்னவரா?" ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றம் வரும் ஊழியத்தில் பாதியில் விட்ட வாக்குகள் நிறைய. பையனுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன், அடுத்த புதன் வருகிறேன் என்று ஒருவர் சொல்லிவிட்டு வேறு ஊருக்குப் போயிருப்பார். வீட்டார் முகம் கொடுக்காமல் இருப்பதற்குப் பல நேரம் அதுதான் காரணம், உங்கள் சபையோ பேச்சோ இல்லை. அந்த வாக்கை நிறைவேற்றுங்கள். முடியாவிட்டால் முடியாது என்று நேரே சொல்லுங்கள்.

வழி பிடிபட ஒரு பகல் போதும். மேற்கே கடல், அதை ஒட்டி ரயில் பாதையும் மரைன் டிரைவும், அதற்குச் சமாந்தரமாகக் காலி வீதி. ஒழுங்கைகள் இவற்றுக்குக் குறுக்கே ஓடும். ராமகிருஷ்ணா வீதி கடல் பக்கம், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை பாமன்கடைப் பக்கம். 100ஆம் இலக்க பஸ் பாணந்துறையிலிருந்தும் 101 மொரட்டுவையிலிருந்தும் காலி வீதியால் புறக்கோட்டைக்குப் போகும். கையில் சில்லறை வைத்திருங்கள். வீட்டு இலக்கம் 23/4 என்று சாய்கோட்டோடு இருந்தால் 23ஆம் காணியை உள்ளே பிரித்திருக்கிறார்கள் என்று அர்த்தம். வாசல் பெரும்பாலும் வீதியில் இராது, பக்கத்து ஒடுக்கமான பாதைக்குள் இருக்கும். அதை ஒழுங்கை முனைச் சில்லறைக் கடையில் கேட்டால் காட்டுவார்கள்.

வெள்ளவத்தையில் தொடர்மாடிகள் அதிகம். கீழே காவலாளி பெயர், வீட்டு இலக்கம், நேரம் எல்லாம் எழுதச் சொல்வார். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு முதுகில் பெரிய பையோடு நிற்கும் அந்நியரை யாரும் சும்மா விடுவதில்லை, அதில் குற்றமும் இல்லை. பை சிறிதாக இருக்கட்டும், அடையாள அட்டை சட்டைப்பையில் இருக்கட்டும். போகிற வீட்டாரையே காவலாளிக்கு முன்கூட்டிச் சொல்லிவைக்கச் சொல்லுங்கள். அழைக்காத மாடியில் கதவு தட்ட வேண்டாம். பகல் 12 முதல் 4 வரை வெயில், மதியத் தூக்கம். பிள்ளைகள் டியூஷன் முடிந்து வரும் மாலைதான் தோதான நேரம். வீட்டில் பெண் தனியாக இருந்தால், "ஐயா இருக்கிற நேரம் வருகிறோம் அன்ரி" என்று வாசலிலேயே சொல்லித் திரும்புங்கள். அது உங்கள் சபையின் விதி, இந்த ஊரின் மரியாதையும் அதுதான்.

மதம் மாற்ற வந்தவர்கள் என்ற பேச்சு கட்டாயம் வரும். நாட்டின் அரசியலமைப்பில் 10ஆம் உறுப்புரை சமய சுதந்திரத்தைத் தருகிறது. 9ஆம் உறுப்புரை பௌத்தத்துக்கு முதன்மை இடம் தருகிறது. மதத்தைப் பரப்புவது அடிப்படை உரிமையாக அங்கீகரிக்கப்படவில்லை என்று உயர் நீதிமன்றம் 2003இல் சொல்லியிருக்கிறது. ஆகவே எங்கே, யாரிடம் பேசலாம் என்று ஊழியர்கள் எல்லாருக்கும் பொறுப்பான உங்கள் ஊழியத் தலைவர் தந்த வரம்பை ஒரு அடியும் தாண்டாதீர்கள். சபையின் பெயரை மறைக்காதீர்கள். சம்பளம் இல்லை, காசோ வேலையோ விசாவோ தருவதும் இல்லை என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பெற்றோர் அனுமதி இல்லாமல் சின்னப் பிள்ளைகளிடம் சமயம் பேசவே கூடாது. கதவைச் சாத்தினால் நன்றி சொல்லி இறங்கி வாருங்கள். அதே வாசலுக்கு இரண்டாம் முறை போகாதீர்கள்.

இனித் தேத்தண்ணி. இது உங்களுக்கு மற்றவர்களைவிடக் கடினம் என்று தெரிகிறது, உங்களுக்குச் சோறு போட்டது அந்தத் தேயிலைதானே. தவறு பெரும்பாலும் நேரத்தில்தான் நடக்கும். அன்ரி குசினிக்குள் போய், கேத்தில் கொதித்து, பிளேன்டீ தட்டில் வந்த பிறகு "வேண்டாம்" என்றால் அது அவமரியாதை. உட்கார்ந்ததும் சொல்லுங்கள்: "தேத்தண்ணி, கோப்பி குடிக்கிறதில்லை அன்ரி, தண்ணி தந்தாலே சந்தோஷம்." ஏதாவது கொடுக்காமல் அனுப்ப அவர்களுக்கு மனம் வராது. மல்லித்தண்ணி, இஞ்சி போட்ட வெந்நீர், தேசிக்காய்த் தண்ணி, மைலோ என்று நீங்களே ஒன்றைக் கேட்டு வாங்கிக் குடித்தால் இருவருக்கும் நிம்மதி. "தோட்டத்துப் பிள்ளை தேத்தண்ணி குடிக்கமாட்டானா?" என்று ஒருவர் கேட்பார். அம்மாவின் தொழிலைத் தாழ்த்தாமல், "இது நான் எடுத்த விரதம்" என்றால் போதும். கந்தசஷ்டிக்கு ஆறு நாள் விரதம் இருக்கும் வீடுகளில் அதற்குமேல் விளக்கம் கேட்கமாட்டார்கள். தேத்தண்ணி, கோப்பி கூடாது என்பதற்கு அடிப்படையான 1833ஆம் ஆண்டின் ஞான வார்த்தையைப் பற்றிய பாடத்தை முதல் சந்திப்பிலேயே எடுக்க வேண்டாம். "தம்பி எந்த ஊர்?" என்ற கேள்விக்கும் அட்டன் என்று நிமிர்ந்து சொல்லுங்கள். யாழ்ப்பாணப் பேச்சைப் போலியாகப் பேச முயல வேண்டாம்.

கண்டித் துணைவரோடு முதல் நாளே மூன்றைப் பேசி முடியுங்கள்: யார் சமைப்பது, யார் துவைப்பது, எந்த நேரம் எந்த மொழி. காலைப் படிப்பு தமிழில், பஸ்ஸில் சிங்களம் என்று வைத்தால் இருவரும் தேறுவீர்கள். மனத்தாங்கலை, நீங்கள் இருவரும் அடுத்த வாரத்தைத் திட்டமிட உட்காரும் வாரத் திட்டக் கூட்டம் வரை சுமக்கலாம், அதற்கு மேல் சுமக்காதீர்கள்.

வீடு வீடாகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும் என்பதால் கயிறு இல்லாத சப்பாத்தும், பையில் ஒரு சோடி காய்ந்த காலுறையும் வேண்டும். மழையில் நனைந்த சப்பாத்துக்குள் பத்திரிகைத் தாளைத் திணித்து வையுங்கள், இல்லாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். தங்குமிடத்தில் குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டை வாரம் ஒருமுறை கழுவிக் காயவிடுங்கள். டெங்கு நுளம்பு அங்கேயும் முட்டையிடும், பகலில்தான் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பனடோல் மட்டும். அஸ்பிரின், புரூபென் தொடவே வேண்டாம், இரத்தப்போக்கை அவை கூட்டும். ஊழியம் தடைப்படும் என்று மறைக்காமல் இரண்டாம் நாளே மருத்துவரிடம் போய் இரத்தம் சோதியுங்கள். அவசரத்துக்கு 1990 அம்புலன்ஸ்.

வீட்டு நினைவு வரும். இரவு 10.30க்கு விளக்கணைத்த பிறகுதான் அதிகம் வரும். சாப்பாடும் நித்திரையும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டால் ஊழியத் தலைவரிடமும் அவர் மனைவியிடமும் சொல்லுங்கள். அவர்களிடம் சொல்லத் தயக்கம் என்றால் 1926 என்ற தேசிய மனநல உதவி எண் இருக்கிறது. 2019 முதல் வாரம் ஒருமுறை வீட்டோடு பேச உங்கள் சபை அனுமதிக்கிறது. துவைப்பது, கடைக்குப் போவது போன்ற சொந்த வேலைகளுக்கான உங்கள் ஆயத்த நாள் பெரும்பாலும் திங்களாக இருக்கும், அம்மா அன்று மலையில் நிற்பார். கொழுந்து நிறுத்து வீட்டுக்கு வரும் நேரத்தைப் புறப்படும் முன்பே கேட்டு, துணைவரிடமும் சொல்லி, அந்த அரை மணித்தியாலத்தில் வேறு எதையும் போடாதீர்கள்.